வீட்டுப் பெட்டியில் கிடைத்த துருத்திக் காமிரா

குடும்பத்தில் பெரியவர் ஒருவர் காலமான பின் அவருடைய பெட்டிகளைத் திறந்து பார்க்கும்போது, கணக்குப் புத்தகங்களுக்கும் கம்பளிச் சால்வைக்கும் அடியில் தோல் உறையிட்ட தட்டையான கருவி ஒன்று சில சமயம் அகப்படுகின்றது. அதன் பொத்தானை அழுத்தினால் முன்கதவு கீழே இறங்குகின்றது. மடிந்து கிடந்த கறுப்புத் துருத்தி விரிந்து, அதன் முனையில் லென்ஸ் வெளியே வருகின்றது. காண்பவர்க்கு அடுத்து எழும் ஆசை, பின்பக்கத்தையும் திறந்து பார்க்கவேண்டும் என்பதே. அந்த ஆசையை அடக்கிக் கொள்வதுதான் இக்கருவியைப் பற்றிய முதற் பாடம். உள்ளே பிலிம் இருக்கக்கூடும். அதில் படம் விழுந்திருக்கவும் கூடும். ஒரு நொடி பகல் வெளிச்சம் பட்டால் போதும், அது மீளாதபடி அழிந்துவிடும்.

பல்லாண்டு பழைய பிலிமில் என்ன மிஞ்சியிருக்கப் போகின்றது என்று கேட்கலாம். ஸ்வீடன் தேசத்து ஆண்ட்ரே என்பவர் 1897-ஆம் ஆண்டில் இரு தோழர்களுடன் பலூனில் ஏறி வடதுருவம் நோக்கிப் புறப்பட்டார். மூவரும் திரும்பவில்லை. 1930-இல் ஆர்க்டிக் கடலின் வெண்தீவில் அவர்களுடைய உடல்களும் உடைமைகளும் கண்டெடுக்கப்பட்டன. 33 ஆண்டுகள் பனியில் கிடந்த பிலிம்களை ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்னும் நிபுணர் கழுவி, சுமார் 240 படங்களுள் 93-ஐ மீட்டார். பனிப்பரப்பில் சாய்ந்து கிடக்கும் பலூனை இரு மனிதர் நின்று நோக்கும் காட்சி அவற்றுள் ஒன்று. 1924-இல் எவரெஸ்டு மலையில் மறைந்த மாலரியிடம் இருந்ததாகக் கருதப்படும் கோடாக் காமிராவும் சட்டைப்பையில் அடங்கும் துருத்தி வகையே. அதனை அவருக்கு இரவல் கொடுத்தவர் உடன் சென்ற டாக்டர் ஸாமர்வெல். பிற்காலத்தில் நெய்யூர் மருத்துவமனையில் பணிபுரிந்து தென்கோடி மக்களுக்குப் பழக்கமானவர் அவரே. 1999-இல் மாலரியின் உடல் கிடைத்தபோது காமிரா அதனுடன் இல்லை. அது என்றேனும் அகப்பட்டால் பிலிமில் ஏதேனும் தெரியலாம் என்ற நம்பிக்கை மலையேறுவோரிடையே உண்டு.

இவை பனி நாட்டுச் செய்திகள். நமது கோடையில் தகரப் பெட்டிக்குள் கிடந்த பிலிம் அத்துணை நன்றாக இராது. வெப்பமும் ஈரமும் படத்தை மங்கச் செய்து, பிலிம் முழுவதும் சாம்பல் மூட்டத்தைப் பரப்புகின்றன. ஆயினும் மங்கிய படமும் படமே. அது மீண்டும் எடுக்க முடியாத ஒன்றாக இருக்கும்போது, அதனைத் தொடுமுன் கையும் கருவியும் பழகியிருக்க வேண்டும். ஆகவே இக்கட்டுரையில் காமிராவைப் பழகும் முறை முதலிலும், பழைய பிலிமைக் கழுவும் முறை இறுதியிலும் கூறப்படுகின்றன.

விளக்கத்திற்காக ஓர் ஆசிரியரை எடுத்துக் கொள்வோம். ஏரிப் பாசனத்தில் ஓவர்சியராக வேலை பார்த்த தாய்மாமனின் காமிரா அவரிடம் வந்து சேர்ந்திருக்கின்றது. மாமன் கரை உடைப்புகளையும் மதகுகளையும் படம் எடுத்து வைப்பது வழக்கம்.

உள்ளே பிலிம் உண்டா?

காமிராவின் முதுகில் சிறு வட்டமான சிவப்பு ஜன்னல் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதன்மேல் நகரும் மூடி உண்டு. மங்கிய வெளிச்சத்தில் மூடியைச் சற்றே விலக்கிப் பார்த்தால் காகிதமோ, எண்ணோ தெரியலாம். தெரிந்தால் பிலிம் இருக்கின்றது. நமது ஆசிரியர் பார்க்கும்போது 5 என்ற எண் தெரிகின்றது எனக் கொள்வோம். நான்கு படங்கள் எடுக்கப்பட்டுள்ளன, ஐந்தாவதும் எடுக்கப்பட்டிருக்கலாம். இந்நிலையில் ஷட்டரை ஒருமுறை தட்டிப் பார்ப்பது பெருந்தவறு. துருத்தி மூடியபடியே, ஜன்னலும் மூடியபடியே, இருட்டறையில் சுற்றுக் குமிழை மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். பழைய பிலிம் ஓலைபோல் முறியும் தன்மையது. இழுப்பு நின்று குமிழ் தளர்ந்ததும், பிலிமும் பின்தாளும் முழுவதும் மறு சுருளில் ஏறிவிட்டன என்று பொருள். பிறகு இருட்டிலேயே பின்கதவைத் திறந்து, சுருளை எடுத்து, தளராதபடி காகிதப் பட்டையால் கட்டி, கறுப்புத் தாளில் பொதிந்து, இறுகிய டப்பாவில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். டப்பாவின்மேல் ‘5’ என்று எழுத மறக்கலாகாது. அந்த எண்ணின் பயன் பின்னால் தெரியும்.

ஜன்னலில் ஒன்றும் தெரியாவிடினும் முதன்முறை திறப்பதை இருட்டிலேயே செய்வது நலம். பின்தாள் கறுத்துப் போய் எண் தெரியாதிருப்பதும் உண்டு.

பெயரும் அளவும்

இத்தகைய காமிராக்கள் 1900-ஆம் ஆண்டை ஒட்டிப் பரவத் தொடங்கி, 1950-ஆம் ஆண்டுகள் வரை செழித்தன. கோடாக், ஸைஸ் ஐகான், அக்பா, வோய்க்ட்லாண்டர், என்ஸைன் என்னும் பெயர்களுள் ஒன்று முகப்பில் இருக்கக் காணலாம். பெயரைக் காட்டிலும் முக்கியமானது பிலிமின் அளவு. 120 எனப்படும் சுருள் பிலிம் 1901-இல் வந்தது; இன்றும் விற்கப்படுகின்றது. 620 என்பதும் அதே அகலமுள்ள அதே பிலிம்தான். சுருள்கட்டை மட்டும் மெலிந்தது. 620-ஐத் தயாரிப்பது 1995-இல் நின்றது. எனினும் பழைய 620 கட்டை ஒன்று கையிலிருந்தால், இருட்டில் 120 பிலிமை அதன்மேல் சுற்றிப் பயன்படுத்தலாம். ஆகவே காமிராவிற்குள் கிடக்கும் வெறும் கட்டையைக் குப்பையென்று எறிந்துவிடக் கூடாது. 116 போன்ற பெரிய அளவுகளுக்கு இன்று எளிதில் பிலிம் கிடைப்பதில்லை. அவற்றை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதே மிச்சம்.

நமது நாட்டிலும் உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட பொதுத்துறைத் தொழிற்சாலை ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம் தயாரித்தது. இப்போது அது இயங்கவில்லை. கடைகளில் கிடைப்பவை வெளிநாட்டுச் சரக்குகளே. விலை குறைவன்று. 6 × 9 ஸென்டிமீட்டர் காமிராவில் ஒரு சுருளுக்கு எட்டே படங்கள் கிடைக்கும். எனவே, பிலிம் இடாமலே செய்யக்கூடிய பரிசோதனைகளை யெல்லாம் முதலில் செய்து முடிப்பதே சிக்கனம்.

துருத்தியின் ஊசித் துளைகள்

துருத்தி வெறும் தோலன்று. வெளியே மெல்லிய தோல் அல்லது மெழுகுத் துணி, உள்ளே கறுப்புத் துணி, இரண்டிற்கும் இடையே மடிப்பைத் தாங்கும் கெட்டிக் காகிதப் பட்டைகள் என மூன்று அடுக்குகள் கொண்டது. பல்லாயிரம் முறை மடிந்து விரிந்ததில் முதலில் தேய்வன அதன் மூலைகள். அங்கே ஊசி முனையளவு துளை விழுந்தாலும் அது தனியொரு காமிராபோல் இயங்கி, பிலிமின்மேல் வெளிச்சத்தைச் சிந்தும்.

இதனை அறியும் முறை எளிது. பிலிம் இல்லாத காமிராவின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இருட்டறையில் துருத்தியை முழுவதும் விரித்து, உட்புறத்தில் சிறு மின்விளக்கை நுழைக்க வேண்டும். கண் இருட்டிற்குப் பழகச் சில நிமிஷங்கள் காத்திருந்து, நான்கு மூலைகளையும் வெளியிலிருந்து பல கோணங்களில் நோக்கினால், துளைகள் நட்சத்திரம்போல் மின்னும். துருத்தியை மெதுவாக அசைத்தும் பார்க்க வேண்டும். ஒரு நிலையில் மூடிக்கொள்ளும் விரிசல் மறு நிலையில் திறந்துகொள்வதுண்டு. உடற்கூறு வகுப்பில் தவளையைக் காட்டுவதைவிட இதனைக் காட்டும்போது மாணவர்கள் மிக்க ஆர்வம் கொள்வர் என்பதில் ஐயமில்லை.

இரண்டு மூன்று துளைகளே இருப்பின், வெள்ளைத் தச்சுப் பசையில் விளக்குக் கரியைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் உட்புறத்தில் ஒரு பூச்சுக் கொடுத்து, துருத்தி விரிந்த நிலையிலேயே ஓரிரு நாள் காயவிடலாம். பெரிய கிழிசலுக்கு மெல்லிய கறுப்புத் துணித் துண்டு வேண்டும். மின்கம்பிக்குச் சுற்றும் நாடாவை ஒட்டுவோர் உளர். அது தடித்திருப்பதால் துருத்தி மடியாமல் போகும், வெயிலில் பசையும் உருகும். மூலைகள் யாவும் தளர்ந்துவிட்டால் ஒட்டுப் போடுவது வீண். புதுத் துருத்தி செய்யவேண்டியதுதான்.

விரிந்த காமிராவின் லென்ஸ் பலகை நேராக நிற்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பலகையின் இடது, வலது ஓரங்களிலிருந்து உடற்பகுதிக்கு உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்தால் இரண்டும் சமமாக இருத்தல் வேண்டும். ஒருபுறம் சாய்ந்திருந்தால் படத்தின் ஒருபாதி தெளிவாகவும் மறுபாதி கலங்கியும் வரும்.

ஷட்டர் சொல்வதும் செய்வதும்

லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் 1, 2, 5, 10, 25, 50, 100 என்பன போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 25 என்பது விநாடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்கும் என்பதைக் குறிக்கும். ‘பி’ என்ற குறியில் விரலை எடுக்கும்வரை திறந்தே இருக்கும். ரப்பர்க் குமிழை அமுக்கி ஷட்டரை இயக்கிய காலத்தின் நினைவாக அந்த எழுத்து நிலைத்துவிட்டது. இந்த எண்கள் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்று உண்மையாயிருந்திருக்கும். அதன்பின் உள்ளே இட்ட எண்ணெயும் மசகும் கெட்டிப்பட்டிருக்கும். இன்று அவ்வெண்கள் ஷட்டரின் பெயர்களே அன்றி அளவுகள் அல்ல.

முற்காலத்தில் இதனை அளப்பது கடினமாக இருந்தது. இக்காலத்தில் பலருடைய கைபேசியே அளவுகருவியாகப் பயன்படும். விநாடிக்கு 240 சட்டங்கள் வீதம் மெதுவியக்கப் படம் எடுக்கும் கைபேசியை லென்ஸின் முன் நிறுத்தி, காமிராவின் பின்னால் விளக்கை வைத்து, பின்கதவைத் திறந்தபடி ஷட்டரை இயக்க வேண்டும். பிறகு எத்தனை சட்டங்களில் வெளிச்சம் தெரிகின்றது என்று எண்ண வேண்டும். 25 என்ற குறியில் பத்துச் சட்டங்கள் தெரிந்தால் திறந்திருந்த நேரம் 240-இல் 10 பங்கு, அதாவது 24-இல் ஒரு பங்கு. கருவி செம்மையாக உள்ளது. பதினாறு சட்டங்கள் தெரிந்தால் உண்மையான வேகம் 15-இல் ஒரு பங்கே. நூறில் ஒரு பங்கு நேரத்தில் இரண்டு சட்டங்களே அகப்படுவதால் அங்கே இம்முறை துல்லியமாகாது. அவ்வேகங்களுக்கு ஒளி உணரும் டிரான்ஸிஸ்டர் ஒன்றைக் கம்ப்யூட்டரின் ஒலி வாயிலில் இணைத்து, அலை வடிவத்தின் அகலத்தை அளப்பர். உயர்நிலைப் பள்ளிப் பௌதிக ஆய்வறையில் இதனைச் செய்வது இயலாததன்று.

ஒவ்வொரு வேகத்தையும் ஒருமுறை மட்டும் அளந்து நிறுத்திவிடக் கூடாது. பத்து முறை அளக்க வேண்டும். 25 எனக் குறித்த இடத்தில் எப்போதும் 15 கிடைக்குமானால் அந்த ஷட்டர் நல்ல ஷட்டரே. அட்டையில் எழுதிக் காமிரா உறைக்குள் ஒட்டிவிட்டால் குறை தீர்ந்தது. ஒருமுறை 24, ஒருமுறை 12, ஒருமுறை திறந்தபடியே நின்றுவிடுதல் என்றிருந்தால் எந்த அட்டவணையும் உதவாது. அதனைப் பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். வெகு நாள் உறங்கிய ஷட்டர் முதல் சில முறைகள் தயங்கிப் பின்பு சீராவதும் உண்டு. ஆகவே இருபது முப்பது முறை வெறுமனே இயக்கியபின் அளப்பதே நியாயம்.

ஷட்டரில் எண்ணெய் விடுவது கூடவே கூடாது. எண்ணெய் மெல்லிய தகடுகளுக்கிடையே பரவி அவற்றை ஒன்றோடொன்று ஒட்டச் செய்துவிடும். தானே தாமதித்து இயங்கும் நெம்புகோல் பழைய ஷட்டர்களில் நடுவழியில் சிக்கிக் கொள்வது வழக்கம். அதனைத் தொடாமலிருப்பது உத்தமம். சில ஷட்டர்களில் மிகுந்த வேகத்தை, வில்லை ஏற்றுவதற்கு முன்னரே அமைத்துவிட வேண்டும். கையில் தடை தெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுவது பொது விதி.

லென்ஸும் துவாரமும்

நமது மழைக்காலத்தில் தோல் உறைக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது சகஜம். விளக்கைப் பின்னால் பிடித்து ‘பி’ குறியில் திறந்து பார்த்தால் சிலந்தி வலைபோல் தெரியும். வெளிப்பரப்பில் உள்ளதை மென்மையாகத் துடைக்கலாம். உள்ளே உள்ளது சிறிதாயின் விட்டுவிடலாம். கண்ணுக்குப் பயங்கரமாகத் தோன்றும் சிறு மாசு படத்தில் தெரிவதே இல்லை. கண்ணாடியையே அரித்துவிட்ட பூஞ்சணத்திற்குத்தான் மருந்தில்லை.

தெளிவுக் குறி சரியாக உள்ளதா என்று பார்க்க, பிலிம் அமரும் சட்டத்தின்மேல் எண்ணெய்த் தாளை இழுத்து ஒட்டி, ஷட்டரைத் திறந்து வைத்து, தூரக் குறியை ‘முடிவிலி’யில் அமைத்து, தொலைவிலுள்ள கோபுரத்தையோ மலையுச்சியையோ நோக்க வேண்டும். தாளின்மேல் தலைகீழான பிம்பம் விழும். உருப்பெருக்குக் கண்ணாடி வழியாக அது தெளிவாகத் தெரிதல் வேண்டும். இவ்விடத்தில் ஆசிரியருக்கு ஒரு பாடம் தயாராகக் கிடைக்கின்றது. 105 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ் வெகுதூரப் பொருளின் பிம்பத்தை 105 மில்லிமீட்டரில் அமைக்கும். 5 மீட்டரில் உள்ள பொருளின் பிம்பம் ஏறத்தாழ 107 மில்லிமீட்டரிலும், 2 மீட்டரில் உள்ளதன் பிம்பம் ஏறத்தாழ 111 மில்லிமீட்டரிலும் அமையும். பொருள் கிட்ட வரவர, லென்ஸ் வெளியே நகரவேண்டிய தூரம் எவ்வளவு விரைவாகக் கூடுகின்றது என்பதைக் கரும்பலகைச் சூத்திரத்தைவிட இத்தாள் நன்கு விளக்கும். சில காமிராக்களில் முன்கண்ணாடி மட்டுமே நகரும். அவற்றில் நகரும் தூரம் இக்கணக்கிற்கு ஒத்துவராது.

துவார எண்களில் ஒரு பொறி உண்டு. 4.5, 5.6, 8, 11, 16, 22 என்பது இக்கால வரிசை. குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் அது, 5.6 முதல் மேல்நோக்கி ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகும். மிகப் பழைய கோடாக் காமிராக்களிலோ 4, 8, 16, 32, 64, 128 என்ற வேறொரு வரிசை காணப்படும். அதில் 4 என்பது இன்றைய 8. 8 என்பது இன்றைய 11. 16 மட்டும் இரண்டிலும் ஒன்றே. 32 என்பது இன்றைய 22. இதை அறியாமல் 4-ஐ இன்றைய 4 என்று கொள்பவர் தேவையானதில் நான்கில் ஒரு பங்கு வெளிச்சமே கொடுத்து, சுருள் முழுவதையும் இழப்பார். எண்கள் ஒவ்வொன்றும் முந்தியதன் இருமடங்காகச் சென்றால் அது பழைய வரிசை என்று அறிந்துகொள்ளலாம்.

உறைக்குள் மாமன் ஒட்டி வைத்த ஒளி அட்டவணை இருந்தால், அதையும் அப்படியே நம்பலாகாது. 1960-இல் அமெரிக்கத் தர நிர்ணயத்தார் கறுப்பு வெள்ளைப் பிலிமின் வேக எண்ணைக் கணக்கிடும் முறையை மாற்றினர். பிலிம் மாறாமலே எண் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று.

சிவப்பு ஜன்னல்

பின்புற ஜன்னல் ஏன் சிவப்பு? விடை பிலிமின் ரசாயனத்தில் உள்ளது. வெள்ளி உப்புக்கள் இயல்பாக நீல ஒளியையே உணர்வன. சாயம் ஏற்றினால் பச்சையையும் பிற நிறங்களையும் உணரச் செய்யலாம் என்பதை 1873-இல் ஹெர்மன் வோகல் கண்டார். அதன் வழியில் வந்த ஆர்த்தோகுரோமாடிக் பிலிம், நீலத்தையும் பச்சையையும் உணரும், சிவப்பை உணராது. ஆகவே சிவப்புக் கண்ணாடி வழியே எண்ணைப் பார்ப்பதால் தீங்கில்லை. பழைய குடும்பப் படங்களில் குங்குமப் பொட்டு மைப்பொட்டுப்போல் கறுத்துத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது பான்குரோமாடிக் பிலிம். அது சிவப்பையும் உணரும். பின்தாள் ஓரளவு காக்குமாயினும், நண்பகல் வெயிலில் மூடியில்லா ஜன்னல் வழியே ஒளி கசிந்து படத்தின்மேல் வட்ட வடிவான கறை விழக்கூடும். மூடி இல்லாத காமிராவிற்குக் கறுப்புத் துணியால் ஒரு மடல் ஒட்டி, நிழலில் நின்று, உடம்பால் மறைத்து, எண் வரும் நொடி மட்டும் திறந்து பார்ப்பதே வழி. கருவி மாறவில்லை, பிலிம் மாறிவிட்டது. அன்று காப்பாக இருந்த சிவப்புக் கண்ணாடி இன்று கசிவாக ஆகிவிட்டது.

முதற் சுருள்

பிலிம் இட்டபின் பழக வேண்டுவன இரண்டு. துருத்தியைத் திடீரென விரித்தால் உள்ளே காற்று வெறுமையாகி, பிலிம் முன்னே இழுக்கப்பட்டு வளையும். ஆகையால் மெதுவாக விரித்து, அதன்பின் பிலிமைச் சுற்றுவது நல்லது. இரண்டாவது: இக்காமிராக்கள் பலவற்றில் ஒரே இடத்தில் இருமுறை படம் எடுப்பதைத் தடுக்கும் அமைப்பு இல்லை. எடுப்பதற்கு முன் சுற்றுவது என்றாயினும், எடுத்தவுடன் சுற்றுவது என்றாயினும் ஒரே வழக்கத்தை மேற்கொண்டு அதனின்று பிறழாதிருக்க வேண்டும். நினைவை நம்புவோர் மதகின்மேல் மாட்டு வண்டி ஓடும் படத்தை விரைவில் பெறுவர்.

வெளிச்சத்திற்கு எளிய கணக்கொன்று உண்டு. 100 வேகமுள்ள பிலிமிற்கு நல்ல வெயிலில் துவாரம் 16, நேரம் நூறில் ஒரு பங்கு. மெல்லிய மேகத்திற்குத் துவாரம் 11. நன்கு மூடிய வானத்திற்கு 8. மழைக்கு முந்திய இருளுக்கு 5.6. ஷட்டர் சற்று மெதுவாயிருந்தால் பிலிமிற்குக் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். கறுப்பு வெள்ளைப் பிலிம் அதனைப் பொறுத்துக் கொள்ளும், குறைவைத்தான் பொறுக்காது. 400 வேகமுள்ள பிலிமை வாங்குவது வீண். நூறுக்கு மேல் ஓடாத ஷட்டருக்கு அது அளவு மீறிய கூர்மை.

தூரத்தைக் கண்ணால் மதிக்க வேண்டியிருப்பது புதியவர்க்குத் தொல்லையாகத் தோன்றும். துவாரத்தை 11-இல் வைத்து, தூரக் குறியை 15 மீட்டருக்கு அண்மையில் அமைத்தால், 105 மில்லிமீட்டர் லென்ஸில் 7, 8 மீட்டரிலிருந்து எல்லையற்ற தூரம் வரை யாவும் போதிய தெளிவுடன் விழும். சில காமிராக்களில் இவ்வகை அமைப்பைச் சிவப்புப் புள்ளிகளாலேயே குறித்திருப்பர். ஏரிக்கரைக்கும் மண்ணரிப்பிற்கும் இது போதும்.

முதற் சுருளின் எட்டுப் படங்களையும் ஒரே இடத்தில், முக்காலியின்மேல் வைத்து, வெவ்வேறு துவாரத்திலும் நேரத்திலும் எடுத்து, ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பழைய ஐரோப்பியக் காமிராக்களின் திருகுத் துளை அகலமானது. அதற்குச் சிறு பித்தளைப் புரி ஒன்று வாங்கிச் செருக வேண்டியிருக்கும். கழுவிய நெகடிவ்வே காமிராவின் குறைகளைச் சொல்லும். எல்லாப் படங்களிலும் ஒரே மூலையில் கறை இருந்தால் துருத்தி. படத்தில் வட்டக் கறை இருந்தால் சிவப்பு ஜன்னல். பிலிமின் ஓரங்களில் மட்டும் கறை இருந்தால் சுருள் தளர்வாகச் சுற்றப்பட்டது.

கைபேசி இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்பது நியாயமான கேள்வியே. அன்றாடப் பதிவிற்குக் கைபேசியே சிறந்தது, அதில் வாதமில்லை. ஆனால் மாமனின் பழைய நெகடிவ்கள் ஓர் உறையில் இருக்குமாயின், அவர் நின்ற இடத்தில் அதே காமிராவுடன் நின்றால் அதே கோணத்தில் அதே பரப்பு விழும். முன்னிருக்கும் கல்லும் பின்னிருக்கும் மரமும் பழைய படத்தில் இருந்த அதே இடைவெளியில் அமையும்வரை நகர்ந்து நகர்ந்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். பிறகு இரு படங்களையும் ஒப்பிட்டுக் கரை எவ்வளவு கரைந்தது என்று அளவுகோலாலேயே அளக்கலாம். 1935-இல் ஆடன் கங்கோத்ரிப் பனியாற்றின் முகப்பை அளந்து வரைபடமாக்கி வைத்ததால்தான், பின்வந்தோர் அது எவ்வளவு பின்வாங்கியது என்று கூற முடிந்தது. வட்டார ஏரிக்கு அத்தகைய பதிவு பெரும்பாலும் ஏதோ ஒரு வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும்.

பழைய சுருள்

இரண்டு மூன்று புதிய சுருள்களைத் தம் கையாலேயே கழுவிப் பழகிய பின்னரே குளிர்ப்பெட்டியிலுள்ள டப்பாவை எடுக்க வேண்டும். கழுவும் திரவம் 20 டிகிரியில் இருத்தல் நலம். கோடையில் குழாய் நீரே 30 டிகிரிக்கு மேல் இருப்பதால், பாத்திரத்தைப் பனிக்கட்டி இட்ட தொட்டியில் வைத்துக் குளிர்விக்கலாம்; பனிக்கட்டியைத் திரவத்தில் போடலாகாது.

பழைய பிலிமின் பெயரைப் பின்தாளின் முனையில் படிக்கலாம். ‘வெரிகுரோம்’ என்றிருந்தால் அது ஆர்த்தோகுரோமாடிக். அடர் சிவப்பு விளக்கின் கீழ் கழுவலாம். ‘வெரிகுரோம் பான்’ என்றிருந்தால் அது 1956-இல் வந்த பான்குரோமாடிக். முழு இருட்டு வேண்டும். ஒரு சொல்லைப் படிக்காமல் விட்டால் எல்லாம் போயிற்று. 1950-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற்கு முந்திய பிலிம் நைட்ரேட் வகையாக இருக்கலாம். அது எளிதில் தீப்பற்றும் ஆதலால் விளக்கின் சூட்டிற்கு அருகே வைக்கக் கூடாது.

டப்பாவின்மேல் எழுதிய எண்ணின் பயன் இப்போது தெரியும். எட்டுப் படச் சுருளில் ஐந்திற்கு மேல் எடுக்கப்படவில்லை. இருட்டில் பின்தாளைப் பிரிக்கும்போது முதலில் கைக்கு வரும் பிலிம் முனை, எட்டாவது படத்திற்குரியது. அதில் ஒன்றும் இல்லை. அங்கிருந்து விரலளவு துண்டுகளாக இரண்டு மூன்று கத்தரித்துக் கொண்டு, மிச்சத்தை மீண்டும் பொதிந்து வைத்துவிட்டு, துண்டுகளை மட்டும் வெவ்வேறு நேரம் கழுவிப் பார்க்க வேண்டும். அவை எவ்வளவு கறுக்கின்றனவோ அவ்வளவும் காலத்தின் மூட்டம். மூட்டம் மிகுந்தால் திரவத்தில் பென்ஸோடிரையஸோல் சிறிது சேர்த்து அடக்கலாம். மூட்டத்தினூடே படம் தெரிவதற்கு ஏற்ற நேரம் இதுவென்று துண்டுகள் காட்டிய பிறகே முதல் ஐந்து படங்களைத் திரவத்தில் இறக்க வேண்டும்.

அவ்வாறு கழுவிய சுருளில் நான்கு படங்கள் வெறும் சாம்பலாக இருந்து, ஒன்றில் மட்டும் மதகின் கல்வளைவும் அதன்மேல் சாத்தி வைத்த அளவுக் கோலும் தெரியலாம். 6 × 9 அளவுள்ள நெகடிவ்வுக்குப் பெரிதாக்கும் கருவி வேண்டியதில்லை. உலர்ந்தபின் அச்சுத் தாளின்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, விளக்கொளி காட்டினால் அதே அளவில் நகல் கிடைக்கும். நகலின் பின்புறம் ஏரியின் பெயரும், கோலின் மேல்முனைக்கு நேராக உள்ள கல்வரிசையும் பென்ஸிலால் எழுதப்பட வேண்டும், மசி ஊறிவிடும்.